படுதாவுக்கு நேரே ஒரு கோடு

“சார், நம்ம ஊர்ல எது இல்லைன்னு எந்த புக்குல இருக்கும்?”

நூலக வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ கேள்விகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. குரூப் ஃபோர் கைடு வந்துவிட்டதா, ஞாயிற்றுக்கிழமை பேப்பரை யார் எடுத்தது, மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா. எது இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எது இல்லை என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பெரம்பலூரில் கத்திரி வெயில் தொடங்கியிருந்த ஒரு முற்பகல். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருந்தார்கள். என் மேசைக்கு எதிரே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றார். தோளில் சாப்பாட்டுப் பை. வலது ஆள்காட்டி விரலில், நகத்தை ஒட்டி, ஊசி ஏறி ஆறிய தழும்பு.

“எதுக்கும்மா கேக்குறீங்க?”

“தொழில் ஆரம்பிக்கணும் சார். எல்லாரும் வெச்சிருக்கிற கடையையே நானும் வெச்சா எப்புடி? இல்லாததைத்தானே வெக்கணும்?”

அவர் பெயர் பூங்கோதை. குன்னம் பக்கத்தில் ஒரு கிராமம். பத்து வருடத்துக்கு மேல் திருப்பூரில் ஒரு பை கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவர். பனியன் அல்ல, கனமான பயணப் பைகள். கம்பெனியை மூடியபோது, தடித்த துணி தைக்கிற இரண்டு மிஷின்களை முதலாளியிடம் விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டு வந்துவிட்டார். கணவர் இன்னும் திருப்பூரில் சாயப்பட்டறை வேலையில் இருந்தார். பூங்கோதையும் மகளும் அண்ணன் வீட்டில்.

“எங்கண்ணன் மிஷினை வித்துட்டு திரும்பவும் திருப்பூருக்கே போங்குறாரு. பாப்பாவை ஆறாவது சேக்கணும் சார். இங்க சேக்குறதா அங்க சேக்குறதான்னு ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள முடிவு பண்ணியாவணும்.”

சுயதொழில் புத்தகங்கள் இருக்கும் அலமாரியைக் காட்டினேன். மெழுகுவத்தி செய்வது எப்படி, காளான் வளர்ப்பு, ஊறுகாய். பத்து நிமிடம் புரட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

“இதெல்லாம் எந்த ஊருக்கு வேணும்னாலும் எழுதுனது சார். நம்ம ஊருக்குன்னு எழுதுனது இல்லையா?”

அந்தக் கேள்விதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

மேசைக் காலுக்கு அடியில்

நம்ம ஊருக்கென்று எழுதிய புத்தகம் ஒன்று இருந்தது. எங்கே இருந்தது என்றும் எனக்குத் தெரியும். ஏனென்றால் அதை அங்கே வைத்தவன் நான்தான்.

குறிப்புதவிப் பகுதியில் ஒரு மேசை ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு கால் குட்டை. அதற்குச் சரியான கனத்தில் ஒரு புத்தகம் தேடி, மாவட்டப் புள்ளியியல் கையேட்டை முட்டுக் கொடுத்திருந்தேன். யாரும் கேட்காத புத்தகம். அட்டை கூடப் பிரியாமல் வந்து, பிரியாமலே பழசாகும்.

மேசையைத் தூக்கிப் பிடிக்க ஒரு பையனைக் கூப்பிட்டு, புத்தகத்தை உருவி எடுத்தேன். அட்டையில் மேசைக் காலின் வட்டத் தடம். பூங்கோதை முந்தானையால் துடைத்துவிட்டுத் திறந்தார். உள்ளே பக்கம் பக்கமாக எண்கள்.

“சார், இதை எப்புடி படிக்கிறது?”

எனக்கும் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. “வாங்க, பார்ப்போம்” என்று சொல்லி உட்கார்ந்தேன்.

அப்பாவின் சைக்கிள் கடை

கணக்கு என்றால் எனக்குப் பயம். பத்தாம் வகுப்பில் கணக்கில் மயிரிழையில் தப்பியவன். எண்களே இல்லாத வேலை என்று நம்பித்தான் நூலகத்துக்கு வந்தேன். வந்த முதல் நாளே புத்தக முதுகில் எல்லாம் எண் ஒட்டச் சொன்னார்கள்.

ஆனால் அன்றைக்கு அந்தக் கையேட்டில் ஒரு அட்டவணையைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. மோட்டார் வாகனங்கள் என்று தலைப்பு. சைக்கிள் அதில் இல்லை. மொபெட், ஸ்கூட்டர், லாரி என்று வகை வகையாகப் பிரித்திருந்தார்கள்.

என் அப்பா கொஞ்ச காலம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் சிறுவனாக இருந்தபோது. பச்சைப் பெயின்ட் அடித்த சைக்கிள்கள், ஒவ்வொன்றின் மட்கார்டிலும் வெள்ளையில் நம்பர். திறந்த முதல் வருடம் கூட்டம். அடுத்த வருடமே சைக்கிள்கள் கடை வாசலில் வரிசையாக வெயில் காய்ந்தன. அப்பா கடைசி வரைக்கும் தன் ராசியைத்தான் நொந்துகொண்டார். கடை முகப்பைத் தெற்குப் பார்த்து வைத்தது தப்பு என்றார்.

பூங்கோதை மற்ற பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நான் எழுந்து பின்னறைக்குப் போனேன். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆவதற்கு முன்னால், நாங்களெல்லாம் திருச்சி மாவட்டமாக இருந்த காலத்துப் பழைய தொகுதிகள் சில அங்கே கட்டி வைக்கப்பட்டிருந்தன. கயிற்றை அவிழ்த்தேன். அப்பா கடை திறந்த காலத்தை ஒட்டிய இரண்டு மூன்று தொகுதிகளை எடுத்து, மொபெட் வரிசையை மட்டும் விரல் வைத்துப் பார்த்தேன்.

ஒவ்வொரு புத்தகத்திலும் அந்த எண் ஏறிக்கொண்டே போனது.

தூசிக்கு நடுவே நின்றபடி சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. அழவும் வந்தது. அப்பாவின் ராசியில் ஒரு குறையும் இல்லை. கடை முகப்பிலும் இல்லை. ஊரே மொபெட் வாங்கிக்கொண்டிருந்தது. அதை யாரோ எண்ணி, அச்சடித்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில்தான் யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வந்து பூங்கோதையின் எதிரே உட்கார்ந்தபோது நான் வேறு ஆளாகியிருந்தேன். இந்த ஒரு பெண்ணுக்காவது இந்தப் புத்தகம் பேசியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு பத்தி, ஒரு வகுத்தல்

அதற்கப்புறம் நாலைந்து நாட்கள் பூங்கோதை குன்னத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். காலையில் வருவார், மதியம் சாப்பாட்டை மரத்தடியில் முடிப்பார், நாலு மணிக்குக் கிளம்புவார்.

கையேட்டில் தொழில்களைப் பற்றி மேலோட்டமாகத்தான் இருந்தது. மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். அவருக்குப் போன் செய்தபோது ஆச்சரியப்பட்டுப் போனார். “நூலகத்துல இருந்து கேக்குறீங்களா? நிஜமாவா சார்?” என்று இரண்டு முறை கேட்டார். பொருளாதாரக் கணக்கெடுப்பின் விவரங்களை இணையத்தில் எங்கே தேடுவது என்று சொல்லிக் கொடுத்தார். நாட்டில் உள்ள ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு என்றும், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால் எந்தத் தொழில் எங்கே எவ்வளவு என்று பார்த்துவிடலாம் என்றும் சொன்னார்.

நூலகக் கணினியில் இறக்கி, பிரின்டரில் எடுத்தோம். நீளமான பட்டியல். எங்கள் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டோம். குன்னத்தில் நின்றால் இந்தப் பக்கம் பெரம்பலூர், அந்தப் பக்கம் அரியலூர். பூங்கோதைக்கு இரண்டும் ஒரே தூரம்தான்.

ஒவ்வொரு தொழிலுக்கும் நேரே இரண்டு பத்திகள். எத்தனை நிறுவனங்கள், அதில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள். முதலில் எனக்கு இரண்டும் வெறும் எண்களாகத் தெரிந்தன. பூங்கோதைதான் கண்டுபிடித்தார்.

“சார், இதை இதால வகுத்துப் பாருங்களேன்.”

வகுத்தேன். சிமென்ட்டுக்கு நேரே நிறுவனங்கள் சில, ஆட்கள் ஏராளம். டீக்கடைக்கு நேரே கடைகள் ஏராளம், கடைக்கு ஒருவர் அல்லது இருவர். வகுத்தால் வருகிற அந்த ஒரு எண்ணில், ஒரு தொழிலின் உருவமே தெரிந்தது. சைரன் ஒலியும் ஷிஃப்ட் பஸ்ஸும் ஒன்றில். அடுப்புக்குப் பின்னால் நிற்கும் ஒற்றை மனிதர் இன்னொன்றில்.

“தையலைப் பாருங்க சார்” என்றார்.

பார்த்தேன். தையல் கடைகளின் எண்ணிக்கையும் அதில் வேலை செய்பவர்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன.

“வூட்டுக்கு ஒருத்தி மிஷினைப் போட்டுக்கிட்டு தனியா உக்காந்திருக்கா. பிளவுஸ் தைக்க நானும் போயி அதுல ஒருத்தியா உக்காரவா?” அவரே சிரித்துக்கொண்டு அந்த வரிசையைப் பென்சிலால் அடித்தார். நூலகப் பிரதியாக இருந்திருந்தால் நான் தடுத்திருப்பேன்.

பிறகு வழியை மாற்றினார். எந்தத் தொழில் இல்லை என்று தேடாமல், தடித்த துணி யாருக்கெல்லாம் வேண்டும் என்று தேடத் தொடங்கினார். ஸ்கூல் பை, சீட் கவர், கூடாரம், படுதா. லாரி மேலே போட்டுக் கட்டுகிறார்களே, அந்தத் தார்ப்பாயைத்தான் எங்கள் பக்கம் படுதா என்போம்.

“லாரி எத்தனை ஓடுது சார்?”

வாகன அட்டவணைக்குப் போனோம். சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றுகிற ஊர் அரியலூர். சரக்கு வாகனங்களின் எண்ணிக்கையைப் பார்த்ததும் பூங்கோதை புருவத்தை உயர்த்தினார்.

“மக்காச்சோளம் எவ்ளோ போட்டிருக்காங்க?”

“அது எதுக்கும்மா?”

“என்ன சார், தை மாசம் எங்கூருக்கு வந்ததில்லையா? ரோட்டுல பாதி சோளந்தான் காயும். மழை வந்தா மூடுறதுக்கு ஆளாளுக்கு சாக்கைத் தூக்கிட்டு ஓடுவாங்க.”

பயிர்ப் பரப்பு அட்டவணையைத் திறந்தேன். மக்காச்சோளத்துக்கு நேரே இருந்த எண்ணை அவர் வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தத் தொழில் பட்டியலை எடுக்கக் கை நீட்டினோம்.

கடல் போன ஊரில் பாய்மரம்

துணியால் ஆன பிற பொருட்கள் என்று ஒரு வகை இருந்தது. அதற்குள் தார்ப்பாய், கூடாரம், பாய்மரச் சீலை என்று எழுதியிருந்தது.

அரியலூரில் கிணறு தோண்டினால் இன்றைக்கும் கடல் சிப்பிகள் கல்லாகக் கிடைக்கும். என்றோ ஒரு காலத்தில் கடல் இருந்த மண். அந்தச் சிப்பிகள்தான் சுண்ணாம்புக் கல்லாகி, சிமென்ட்டாகி, லாரியில் போகின்றன. பாய்மரச் சீலை தைக்க நாம் சில கோடி வருடம் தாமதமாகிவிட்டோம் என்று நான் சொன்னதற்கு, பூங்கோதை சிரிக்கவே இல்லை. அவர் விரல் அந்த வரிசையின் மேல் வலப்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

பெரம்பலூருக்கு நேரே எண் இல்லை. ஒரு சின்னக் கோடு மட்டும்.

அரியலூருக்கு நேரேயும் கோடு.

“சார், கோடு சார்!”

மொத்த வாசிப்பு அறையும் திரும்பிப் பார்த்தது. அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழே நின்றுகொண்டு நானும் சத்தமாகவே சொன்னேன், “ரெண்டுலயும் கோடும்மா!”

அத்தனை லாரி. அத்தனை சோளம். படுதா தைக்க ஒருவர்கூட இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. பதின்ம வயதில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டபோது அடித்த மாதிரி. பூங்கோதை அன்றைக்கு நாலு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டார். ஈரோட்டில் துணி மொத்தமாகக் கிடைக்கும், மறுநாளே போய் ரோல் எடுக்கப் போகிறேன் என்றார். “போயிட்டு வாங்க” என்று வாசல் வரை வந்து வழியனுப்பினேன்.

போனில் ஒரு சிரிப்பு

சந்தோஷம் தாங்காமல் புள்ளியியல் அலுவலக நண்பருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டார். கடைசியில் சிரித்தார்.

“சார், கோடு போட்டிருந்தா ஆளே இல்லைன்னு மட்டும் அர்த்தமில்ல. எங்க கணக்குல வரலைன்னும் அர்த்தம். கணக்கு எடுத்து வருஷமும் ஆச்சு. நேர்ல போய் ஒரு தடவை பாத்துருங்க.”

கையிலிருந்த போன் சூடாகிவிட்டது போல இருந்தது. ஒரு பெண்ணின் சேமிப்பை ஒரு கோட்டை நம்பித் துணி ரோலில் போடச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உடனே பூங்கோதைக்குப் போன் செய்தேன். பஸ் சத்தத்தில் முதலில் அவருக்குக் கேட்கவில்லை. மூன்றாவது முறை கத்திச் சொன்னேன்.

“ஈரோடு வேணாம்மா! வெள்ளிக்கிழமை அரியலூர் போவோம்!”

ஜும்ஆ முடியும் வரை

வெள்ளிக்கிழமை எங்களுக்கு வார விடுமுறை. அரியலூருக்கு வெளியே லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போனோம். அங்கே மரங்களுக்குப் பச்சை கிடையாது. இலைகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மாவு படிந்திருக்கும். மழை பெய்தால்தான் அது மரம் என்றே தெரியும்.

ஒரு புங்க மரத்தடியில் பழைய தையல் மிஷின் ஒன்று, துணி போட்டு மூடிக் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் மலை மாதிரி கிழிந்த படுதாக்கள். ஓரத்தில் மாட்டும் பித்தளை வளையங்கள் ஒரு பெயின்ட் டப்பா நிறைய. லாரி டிரைவர் ஒருவர் தன் படுதாவைச் சுருட்டி வைத்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

“பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு, உக்காருங்க” என்றார்.

பூங்கோதை என்னைப் பார்க்கவில்லை. மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் வந்தார். ஜபார். என் வயதுதான் இருக்கும். தலையில் இன்னும் தொப்பி. எங்களைப் பார்த்ததும் லாரிக்காரர்கள் இல்லை என்று புரிந்துகொண்டார். நான் விஷயத்தைச் சொல்லி, கையிலிருந்த பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

“இதுல நான் எங்க இருக்கேன்?”

வரிசையைக் காட்டினேன். கோட்டைப் பார்த்தார்.

“அப்ப இந்தக் கோடு நாந்தானா?” வாய்விட்டுச் சிரித்தார். டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினார். “பாருய்யா, பன்னெண்டு வருசமா இங்க உக்காந்திருக்கேன். கவர்மென்ட்டு என்னைக் கோடு போட்டு வெச்சிருக்கு!” சிரிப்பு மெல்ல நின்றது. காகிதத்தை இன்னொரு முறை பார்த்தார். “ரேஷன் கார்டுல இருக்கேன். ஓட்டு லிஸ்ட்டுல இருக்கேன். இதுல மட்டும் ஏன் இல்ல?”

“கணக்கெடுக்க வர்றவங்க வீடு வீடா, கட்டடம் கட்டடமாத்தான் போவாங்க பாய். உங்களுக்குக் கதவு இல்லையே” என்றேன்.

“மரத்துக்கு ஏது சார் கதவு?”

அடுத்த நிமிடம் அவர் முகம் மாறியது. எதற்காக வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது.

“ஆக, படுதா தைக்க இங்க ஆளே இல்லைன்னு நெனச்சு, இந்த அம்மா வந்து கடை போடப் போகுது. என் பொழப்புல கை வெக்கத்தான் ரெண்டு பேரும் பஸ் ஏறி வந்தீங்களா?”

பூங்கோதை கிழிந்த படுதா ஒன்றைத் தூக்கி மூலையை மடித்துப் பார்த்தார்.

“மூலையில நாலு மடிப்பு வருதே பாய். உங்க மிஷின் ஊசி ஏறுமா?”

ஜபார் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பெருவிரலுக்குக் கீழே தோல் காய்த்துக் கறுத்திருந்தது. “ஏறாது. மூலையெல்லாம் கைத்தையல்தான். அதனாலதான் இவ்ளோ குமிஞ்சு கெடக்கு. பாதிப் பேரைத் திருச்சிக்கும் சேலத்துக்கும் திருப்பி அனுப்புறேன்.”

“என் மிஷின் எட்டு மடிப்பு ஏறும்.”

“அதுக்கு?”

“லாரி உங்களுது பாய். நான் தொடல. மூலை வேலையை மட்டும் அனுப்புங்க, தெச்சுத் தரேன். நான் சோளத்தைப் பாத்துக்குறேன்.”

“சோளத்துக்கும் படுதாவுக்கும் என்ன சம்மந்தம்?”

நான் பயிர்ப் பரப்புப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். ஜபார் படித்தார். பன்னிரண்டு வருடமாக லாரியை மட்டுமே பார்த்த மனிதர், லாரிக்குப் பின்னால் இருக்கும் வயல்களை முதல் முறையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. டிரைவரிடம் திரும்பி, “யோவ், மூணு டீ சொல்லு. இல்ல, உனக்கும் சேத்து நாலு” என்றார்.

புத்தகம் மாதிரி ஒரு படுதா

பாப்பா குன்னம் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேர்ந்தாள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே பெரிய கோபம் என்று பூங்கோதை சொன்னார். வீட்டுக்குப் பக்கத்தில் தகர ஷெட் ஒன்றில் மிஷின்கள் இறங்கின.

வாரத்துக்கு இரண்டு முறை அரியலூர் பஸ்ஸில் படுதா மூட்டைகள் வரும். கண்டக்டர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அந்த மூலை வேலை, அடுப்பு எரியப் போதுமானதாக இருந்தது. சோளம்தான் அசையவில்லை.

ஆடி போனது, ஐப்பசி போனது. விவசாயிகளிடம் பூங்கோதை போய்க் கேட்டால், உரச் சாக்கைப் பிரித்துத் தைத்தது போதும் என்றார்கள். கடையில் விற்கிற நீலப் பாலிதீனே போதும் என்றார்கள். நான் மறுபடியும் பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு எதையோ தேடினேன். அதில் இதற்குப் பதில் இல்லை. எத்தனை பேர் சோளம் போடுகிறார்கள் என்று புத்தகம் சொல்லும். மழை வரும்போது அவர்கள் எப்படி ஓடுகிறார்கள் என்று அது எப்படிச் சொல்லும்?

அதைப் பூங்கோதை நின்று பார்த்தார். மார்கழியில் முதல் அறுவடை ரோட்டுக்கு வந்தபோது, ஒரு மாலை தூறல் போட்டது. சாக்கை இழுத்து விரிப்பதற்குள் குவியலின் ஓரம் நனைந்துவிட்டது. இரண்டு பேர் ஓடி, நாலு மூலையைப் பிடிக்க ஆள் தேடினார்கள். அன்றைக்கு ராத்திரியே எனக்குப் போன் செய்தார்.

“சார், கீழ விரிக்கிறதையும் மேல மூடுறதையும் ஒண்ணா தெச்சா என்ன? ஒரு பக்கம் மட்டும் ஒட்டி. உங்க புக்கு அட்டை மாதிரி. தொறந்து வெச்சு சோளத்தைக் காயவெக்கணும், மழை வந்தா மூடிரணும்.”

ரோட்டின் பாதி அகலத்துக்கு அளவெடுத்து, நீளமாக, ஓரம் முழுக்க வளையம் வைத்து ஐந்து தைத்தார். வளையம் அடித்துக் கொடுத்தது ஜபார். நடுத் தையல் எட்டு மடிப்பு. அந்த ஐந்தையும் ஊரில் ஐந்து வீட்டுக்குக் கொடுத்தார். “தை முடியட்டும். வேணும்னா வெச்சுக்குங்க, வேணாம்னா குடுத்துருங்க” என்று மட்டும் சொன்னார்.

தை மழை

பொங்கல் முடிந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை. ஜபாரும் நானும் குன்னத்துக்குப் போயிருந்தோம். அவர் ஜும்ஆ முடித்துவிட்டு வந்ததால் மணி மூன்று ஆகிவிட்டது. ரோடு முழுக்க மஞ்சள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சோளம் பரப்பி, நடுவே வண்டிகள் போக ஒரு தடம் மட்டும் விட்டிருந்தார்கள். காலில் செருப்பை மீறி மணிகள் குத்தின. காற்றில் உலர்ந்த சோளச் சக்கையின் வாசனை.

வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வடகிழக்கில் கறுத்தது. மழைக் காலம் முடிந்துவிட்டது என்று நம்பியிருந்த ஊர். முதல் துளி பெரிதாக, சில்லென்று என் கையில் விழுந்தது. யாரோ “ஏய், மழை!” என்று கத்தினார்கள். அவ்வளவுதான், வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

பூங்கோதை முதல் குவியலுக்கு ஓடினார். ஓரத்து வளையத்தில் கோத்திருந்த கயிற்றை அவர் ஒரு பக்கமும், அந்த வீட்டுப் பெண் மறுபக்கமும் பிடித்து இழுத்தார்கள். நீளமான படுதா எழுந்து, காற்றில் ஒரு நொடி உப்பி, அப்படியே கவிழ்ந்து சோளத்தை மூடியது. எண்ணிப் பத்து அடி நடந்திருக்க மாட்டார்கள்.

“அடுத்தது!” என்று கத்தினார்.

நானும் ஜபாரும் அடுத்ததற்கு ஓடினோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தேன். கயிறு கையிலிருந்து வழுக்கியது. இன்னொரு தரம் இழுத்தேன், மூடிக்கொண்டது. மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதில் யார் யாரோ எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். மழை சடசடவென்று இறங்கிவிட்டது. பக்கத்துக் குவியலில் ஒருவர் உரச் சாக்கை விரிக்க முடியாமல் தவித்தார். ஐந்தையும் மூடிய கையோடு எல்லோரும் அங்கே ஓடிப்போய், கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு மூடினோம். பாதிதான் தப்பித்தது. அவர் நனைந்த சோளத்தை இரண்டு கையிலும் அள்ளி வைத்துக்கொண்டு, மூடிக் கிடந்த ஐந்து படுதாக்களையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கண்ணாடியில் தண்ணீர் வழிய ஜபார் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரத்தில் மழை விட்டது. ரோட்டோரம் தண்ணீர் ஓடியது. ஊரே முதல் குவியலைச் சுற்றி நின்றது. பூங்கோதை குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓரத்தைக் கொஞ்சமாகத் தூக்கினார். பிறகு என்னைப் பார்த்து, “கையை விடுங்க சார்” என்றார்.

ஈரக் கையை உள்ளே விட்டேன். மணிகள் மத்தியான வெயிலின் சூட்டோடு அப்படியே இருந்தன.